கையெழுத்துப் போட்டுத் தொலைத்த சாலை

அரசாங்கம் என்ற சொல் காதில் விழுந்தாலே உடம்பெல்லாம் அரிப்பெடுக்கும் மனித இனம் ஒன்று உண்டு. அமெரிக்காவின் வடகிழக்கு மூலையில், எங்கள் நியூ ஹாம்ப்ஷயர் மலையூர்களில் அது செழித்து வளர்கிறது. நீங்கள் தேடிப் போகவேண்டாம்; காப்பிக் கடையில் உட்கார்ந்தால் போதும், அது உங்களைத் தேடி வரும்.

ஹாரிஸ் டில்டன் அதில் முற்றிய வித்து. பல் டாக்டர். வாயைத் திறந்து வைத்திருப்பவர்களிடமே முப்பது வருஷம் வாதாடியதால் தோல்வி அறியாதவர். உங்கள் கடைவாய்ப் பல்லைக் குடைந்துகொண்டே, மனிதன் தன் உடம்புக்கும் உழைப்புக்கும் தானே சொந்தக்காரன் என்று முந்நூறு வருஷத்துக்கு முன் இங்கிலாந்தில் எழுதிய தத்துவ ஞானியிலிருந்து ஆரம்பிப்பார். சந்தையில் அரசு கைவைத்தால் கெட்டது என்று எச்சரித்த வியன்னாப் பொருளாதார மேதைகளைக் கூட்டி வருவார். பல்லை அடைத்து முடிக்கையில், வரி என்பது திருட்டு என்ற இடத்தில் வந்து நிற்பார். மரத்துப்போன வாயால் நீங்கள் "ஆ" என்பீர்கள். அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொள்வார்.

வருஷத்துக்கு ஒருமுறை மார்ச்சில் ஊரே கூடிக் கை தூக்கி முடிவெடுக்கும் ஊர்க்கூட்டத்தில், போன வருஷம் எழுந்தார். தன் வீட்டுக்குப் போகும் மலைச்சாலையை ஊர்ப் பொறுப்பிலிருந்தே நீக்கவேண்டுமாம். வழியுரிமை போய்விடும், அதனால் அவருடைய எழுத்துபூர்வமான சம்மதம் வேண்டும் என்றோம். மணமகன் மாதிரி கையெழுத்துப் போட்டார். பனி தள்ளும் வேலை மிச்சம் என்று நாங்களும் கை தூக்கினோம்.

எங்கள் மாநிலச் சட்டப்படி, நீக்கிய சாலையின் மண் பக்கத்து நிலக்காரருக்குப் போய்விடும். கீழ்ப்பாதியில் இரண்டு பக்கமும் ஆடு வளர்க்கும் தெரேஸ் கான்யோனின் நிலம். நவம்பரில் அவள் சாலைக்குக் குறுக்கே இரும்புக் கேட் போட்டுப் பூட்டினாள். ஹாரிஸின் வீட்டைச் சூடாக்கும் எண்ணெய் கொண்டுவந்த லாரி அப்படியே திரும்பிப் போனது.

"என்ன தெரேஸ் இது?"

"கேட்டு. என் நிலத்துல."

"நான் எப்படி வீட்டுக்குப் போறது?"

"அது உங்க சுதந்திரம் டாக்டர், அதுல நான் தலையிடலாமா? மூணு தடவை என் பல்லைக் குடைஞ்சப்போ விளக்கமாச் சொன்னீங்களே. இந்த ஊர்ல அதை முழுசா நம்புனவ நான் ஒருத்திதான்."

குரலில் துளியும் கேலி இல்லை. அதுதான் அவரைப் பயமுறுத்தியது.

வீட்டில் மூன்று ஸ்வெட்டருக்குள் உட்கார்ந்திருந்த மனைவி நடீன் கேட்டாள்: "உன் சுதந்திரத்தை அடுப்புல வெச்சா எரியுமா?"

மறுநாள் ஹாரிஸ் ஊர் அலுவலகத்துக்கு வந்து, குமாஸ்தாவான என் மேஜையைத் தட்டினார்.

"ஊர் நிர்வாகம்னு ஒண்ணு எதுக்கு இருக்கு? மனுஷன் குளிர்ல விறைச்சுச் சாகறதை வேடிக்கை பாக்கவா?"

"மார்ச்சுல மனு குடுங்க," என்றேன். வேறென்ன சொல்ல?

அந்த வாரமே நடீன் கேட் வரை நடந்து போய் நின்றாள். தெரேஸ் திறந்துவிட்டாள். "உனக்காகத்தான், அவருக்கில்லை." லாரி ஏறியது.

மார்ச் வந்தது. சாலையை ஊர் திரும்ப எடுத்துக்கொள்ளவேண்டும், சாலை என்பது ஊரின் ரத்தக்குழாய் என்று கூட்டத்தில் ஹாரிஸ் தழுதழுத்தார். நாங்கள் தெரேஸைப் பார்த்தோம்.

"வரி திருட்டுன்னா, என் மண்ணை ஊர் எடுத்துக்கறதுக்கு என்ன பேரு டாக்டர்?"

மனு தோற்றது. அடுத்த தீர்மானம், பள்ளத்தாக்கில் ஓட்டை வீடுகளில் இருப்பவர்களின் பிள்ளைகளுக்குப் பள்ளி பஸ். கண்ணீர் காயாத முகத்தோடு ஹாரிஸ் எதிர்த்துக் கை தூக்கினார். "அவங்கவங்க பிள்ளை, அவங்கவங்க பொறுப்பு."

இன்றும் லாரி வரும் நாளில், கேட்டைத் திறக்கச் சொல்ல நடீன்தான் கீழே இறங்கிப் போகிறாள்.

சிரிக்கிறீர்கள். உங்கள் தெருவில் விளக்கு எரிந்தால் உரிமை, அடுத்த தெருவில் எரிந்தால் ஊதாரித்தனம் என்று நீங்கள் நினைத்ததே இல்லையா? இல்லையென்றால் நல்லது. இந்த இனத்தில் இதுவரை ஒருவரும் அதை ஒப்புக்கொண்டதில்லை.