சிமெண்டில் செய்த பட்ட மரம்

காடு என்று ஒன்று தோன்றிய நாளிலிருந்து அது செய்துவந்த தவறுகளையெல்லாம் திருத்திய பெருமை நமது வன அதிகாரி ஒருவரையே சாரும். மரம் தானாக வளரும், மிருகம் தானாக வரும் என்ற மூடநம்பிக்கையை அவர் அடியோடு ஒழித்தார். அடியோடு என்றால் வேரோடு.

புல் வளர வெயில் வேண்டும், வெயில் விழ நாலு மரத்தைக் கழிக்கலாம் என்று முதல் கூட்டத்தில் ஒரு நிபுணர் சொன்னார். நியாயமான பேச்சு. அதிகாரி தாராள மனசுக்காரர், நாலோடு நிற்கவில்லை. பட்ட மரப் பொந்தில்தான் ஆந்தை குடியிருக்கும் என்று இரண்டாம் கூட்டத்தில் தெரியவந்தபோது, பட்ட மரமெல்லாம் ‘குப்பை’ என்ற தகுதியில் லாரி ஏறியிருந்தது. அதனாலென்ன? சிமெண்டில் பட்ட மரங்கள் செய்து, பொந்து வைத்து, வர்ணமும் பூசி நட்டார். ஆந்தைகள்தான் ஒத்துழைக்கவில்லை.

இந்த நேரம் பார்த்து ஆய்வுக் குழு வருகிறது என்று தகவல் வந்தது. ஒரு மிருகமாவது கண்ணில் பட்டால் பதவி உயர்வு. படாவிட்டால் தண்ணியில்லாக் காட்டுக்கு மாற்றல். அதிகாரி வேலிப் பக்கம் ஓடினார்.

மிருகங்களெல்லாம் வேலிக்கு அந்தப்புறம், அவருடைய மச்சானின் சொந்தக் காட்டில் இருந்தன. மச்சானுக்கு எந்தத் திட்டமும் கிடையாது. வீட்டில் சண்டை வந்தால் காட்டுக்குள் போய், கோபம் தணியும்வரை உண்ணிச்செடிக் களையை வேரோடு பிடுங்குவார். புருஷன், பெண்டாட்டி இருவருமே சளைத்தவர்கள் அல்ல. ஆகவே களையே இல்லாமல் புல் இடுப்புயரம் நின்றது. பட்ட மரத்தை யாரும் தொடவில்லை.

“மச்சான், ஒரே ஒரு நாள், நாலு மானை இந்தப் பக்கம் அனுப்பி வையுங்களேன்.”

“அதுங்க என்ன வாடகைச் சாமானா மாப்பிள்ளை? அங்க வந்தா எதைத் திங்கும், சிமெண்டையா?”

குழு வந்தது. வெயிலில் வெந்தது. திடீரென்று வேலிக்கு அப்பால் மான் குரல் கேட்க, அத்தனை பேரும் அங்கே ஓடினார்கள். புல்லுக்குள் மான் கூட்டம்! நிஜப் பொந்தில் நிஜ ஆந்தை! தலைவருக்குக் கண் கலங்கிவிட்டது.

“என்ன முறையைக் கடைப்பிடிச்சீங்க?”

“சண்டைதாங்க,” என்றார் மச்சான்.

“‘தீவிர மேலாண்மை’ன்னு எழுதிக்குங்க,” என்று உதவியாளரிடம் சொன்ன தலைவர், அதிகாரியின் பக்கம் திரும்பினார். “இவ்வளவு மிருகம் இருக்கிற இடத்தை இப்படியே விடலாமா? உங்க திட்டத்தை இங்கேயும் நீட்டிக்கிறோம். பதவி உயர்வோட நீங்களே நடத்துங்க.”

மச்சான் பதறிப்போய் அதிகாரியின் கையைப் பிடித்துக்கொண்டார். “மாப்பிள்ளை! இதையும் வெட்டிட்டா இதுங்கல்லாம் எங்கே போகும்?”

அதிகாரி ஒரு கணம் மான்களைப் பார்த்தார். பாவமாகத்தான் இருந்தது. பிறகு மச்சானின் தோளில் ஆதரவாகத் தட்டினார்.

“எங்கே போகுதுன்னு மட்டும் பார்த்துச் சொல்லுங்க மச்சான். அடுத்து அங்கதான் சீரமைக்கணும்.”