நான் என்னைத் தேடித் தோணி வலித்த கதை

அன்று சம்பவத்தில் இருந்தவர்கள் மொத்தம் நான்கு பேர். நான், என் மனைவி சுகந்தி, தோணியைத் தள்ளிவிட்ட அவளுடைய தம்பி ரவி, காத்தான்குடி ஓட்டோக்காரன் றமீஸ். இதை முதலிலேயே எழுதிவைக்கக் காரணம், இன்று ஆரையம்பதியில் யாரைக் கேட்டாலும் "நானும் நிண்டனான், என்ர கண்ணால கண்டனான்" என்கிறார்கள். நம்பாதீர்கள்.

நான் எட்டாம் ஆண்டோடு பள்ளிக்கூடத்தை விட்டவன். தையற்கடை வைத்திருக்கிறேன். கவலைப்படுவதற்குப் பட்டம் கொடுப்பதென்றால் எனக்குத்தான் கொடுக்கவேண்டும். காற்சட்டை தைத்துக் கொடுத்தால், போட்டவர் குனியும்போது கிழிந்துவிடுமோ என்று இரண்டு நாள் நித்திரை வராது. அப்படிப்பட்டவனுக்குக் கட்டாரில் ஒரு தையல் வேலை வந்தது. போவதா, விடுவதா? மூன்று மாதம் ஊர் முழுக்கக் கேட்டேன். (பல் வைத்தியரிடமும் கேட்டேன். அவருடைய கை என் வாய்க்குள் இருந்தபோது.) கடைசியில் ஏஜென்சிக்காரர், சனிக்கிழமை பகல் இரண்டு மணிக்குப் போன் எடுப்பேன், அப்போதும் பதில் இல்லையென்றால் வேறு ஆளைப் பார்ப்பேன் என்றார்.

"போனாலும் சரி, நிண்டாலும் சரி, என்னட்டக் கேக்காதீங்க. முடிவ எடுத்துட்டுச் சொல்லுங்க" என்றாள் சுகந்தி.

அப்போதுதான் போனில் அந்த வீடியோ வந்தது. மலை உச்சியில் ஒரு தாடிக்காரர். "தனியே போங்கள். உடம்பை வருத்துங்கள். பதில் உங்களுக்குள்ளேயே இருக்கிறது" என்றார். எங்களிடம் மலை இல்லை, வாவி இருக்கிறது. எழுவான்கரையில் இருக்கும் எங்கள் ஊரிலிருந்து எதிரே படுவான்கரைக்குத் அந்தச் சனிக்கிழமை காலையில் தனியாகத் தோணி வலித்துப் போய், இரண்டு மணிக்குள் திரும்பி வருவதென்று முடிவெடுத்தேன். (மூன்று மாதத்தில் நான் எடுத்த ஒரே முடிவு.)

"அத்தான், போனக் கொண்டு போங்க" என்றான் ரவி.

"தனிமைக்குப் போறவனுக்கு என்னத்துக்குடா போன்?"

"நீந்தவாவது தெரியுமா?"

"சும்மா குழப்பாத. தள்ளு."

சூரியன் எழும் பக்கம் எழுவான்கரை, படும் பக்கம் படுவான்கரை. இங்கே சின்னப் பிள்ளைக்கும் தெரியும். ஆனால் அன்று வானம் முழுக்க மாரி மேகம். சூரியனே இல்லை. நடு வாவியில் மழை பிடித்தது, காற்று தோணியைச் சுழற்றியது. கண்டல் மரங்கள் அடர்ந்த ஒரு திட்டைச் சுற்றினேன். இரண்டு திட்டுகளா, ஒரே திட்டை இரண்டு தரமா என்று இன்றுவரை தெரியாது. உள்ளேயிருந்து பதில் ஏதும் வரவில்லை. முதலையைப் பற்றித்தான் யோசனை வந்தது. என்னை முதலை தின்றுவிட்டால், தைத்து முடித்த பள்ளிக்கூடச் சட்டைகளில் எது யாருடையது என்று சுகந்திக்கு எப்படித் தெரியும்?

உள்ளங்கை கொப்புளித்தபோது தோணி கரையில் முட்டியது. மழை விட்டிருந்தது. படுவான்கரை! ஈரத் தென்னைகள், கோயில் மணி, எங்கோ மீன் குழம்பு வாசம். எனக்குக் கண் கலங்கிவிட்டது. (என் கடை பெருந்தெருவைப் பார்த்தது. பிறந்ததிலிருந்து வாவிக்கு முதுகைக் காட்டியே வாழ்ந்தவன் நான்.)

கரையில் ஓட்டோவை நிறுத்திவிட்டு ஒருவன் தூண்டில் போட்டுக்கொண்டிருந்தான். அவன்தான் றமீஸ்.

"தம்பி, இப்ப என்ன நேரம்?"

"ஒண்டே முக்கால்."

"ஐயோ! ஆரையம்பதிக்குப் போகோணும். பிள்ளையார் கோயிலுக்குப் பின் ஒழுங்கை, தையல்காரர் வீடு."

என்னை மேலும் கீழும் பார்த்தான். "எங்க போகோணும்?"

"ஆரையம்பதி, அக்கரைக்கு. பாலத்தால சுத்தித்தான் போகோணும், எனக்குத் தெரியும். எவ்வளவு?"

தூண்டிலை மெல்லச் சுற்றினான். "தூரம் அண்ணன். ரெண்டாயிரத்தி ஐநூறு."

ஆயிரத்து எண்ணூறுக்கு இறக்கினேன். வாழ்க்கையில் நான் வென்ற ஒரே பேரம். அந்த உற்சாகத்தில் ஏறி உட்கார்ந்து பேசத் தொடங்கினேன். "உங்கட ஊர் நல்ல வடிவு தம்பி. இப்பிடி ஒரு ஊரில பிறந்திருந்தா நான் என்னத்துக்குக் கட்டாருக்குப் போக யோசிக்கப் போறன்?"

"ஓம் அண்ணன்" என்றான். அவன் தோள் குலுங்கியது. குளிராக்கும் என்று நினைத்தேன்.

ஒரு முடக்குத் திரும்பினான். இன்னொரு முடக்கு. ஓட்டோ நின்றது. எங்கள் வீட்டுப் படலை போலவே ஒரு படலை. அதில் சுகந்தி போலவே ஒருத்தி.

"அதுக்குள்ள பாலம் கடந்திட்டமா?" என்று கேட்டேன்.

றமீஸ் ஹாண்டிலில் தலையைச் சாய்த்துவிட்டான். பிறகு, நான் சொன்னதில் ஒரு சொல்லையும் விடாமல் சுகந்தியிடம் ஒப்புவித்தான். அவள் சிரிக்கவில்லை. என்னையே பார்த்துக்கொண்டு நின்றாள். உள்ளே போன் அடித்தது. எடுத்துவந்து நீட்டினாள்.

"என்ன முடிவு?" என்றார் ஏஜென்சிக்காரர்.

"நான் இஞ்சயே நிக்கிறன்" என்றது என் வாய்.

அது உள்ளேயிருந்து வந்த பதிலா, இரண்டு முடக்குக்குள் தொலைந்தவன் கட்டார் விமான நிலையத்தில் என்ன ஆவான் என்ற பயமா, இன்றும் விளங்கவில்லை. சுகந்தி அடுப்படிக்குள் போய்விட்டாள். உள்ளே அவள் சிரித்தாளா அழுதாளா என்பதும் தெரியாது. கேட்கப் பயம்.

திரும்பி வந்தவள் றமீஸிடம் இருநூறு ரூபாயைக் கொடுத்தாள்.

"பேசினது ஆயிரத்தி எண்ணூறு அக்கா."

"ரெண்டு முடக்குக்கா?"

"அண்ணன் படுவான்கரையில இருந்தெல்லோ வந்தவர்!"

இருநூறை முற்பணமாக வைத்துக்கொண்டு போனான். இப்போது நான் கொஞ்சம் யோசனையில் இருந்தாலே என் மகள் "அப்பா படுவான்கரைக்குப் போயிட்டார்" என்று வீட்டுக்கு அறிவிக்கிறாள். றமீஸ் நோன்புப் பெருநாளுக்கு வட்டிலப்பம் கொண்டுவருவான், எங்கள் பொங்கலுக்கு வந்து சாப்பிடுவான், கை கழுவியதும் மிச்சத்தைக் கேட்பான். சுகந்தி கொடுக்கமாட்டாள், அவன் விடவும்மாட்டான்.

ஆயிரத்து அறுநூறு ரூபாய்.