கரடி வாங்கிய சைபர்

ஒரு காட்டில் முள்ளன் என்று ஒரு முள்ளம்பன்றி இருந்தான். ஒன்பதாம் வகுப்போடு படிப்பை விட்டவன். அவன் படிப்பை விட்டானா, படிப்பு அவனை விட்டதா என்பதில் வீட்டில் இரண்டு கருத்து உண்டு. அந்த வளையில் அவன் பெயர் எழுதிய தாள் ஒன்றே ஒன்றுதான். அது டி.சி. தங்கச்சி வாங்கிய சான்றிதழ்களோ வாசலில் தொடங்கி உள்சுவர் வரை ஒட்டியிருந்தன. கோலப்போட்டி, சாக்கு ஓட்டம், நூறு சதவீத வருகை. முள்ளன் எப்போதும் தலையைக் குனிந்துகொண்டுதான் வீட்டுக்குள் நுழைவான். வளை தாழ்வாக இருந்ததும் ஒரு காரணம்.

ஒருநாள் மத்தியானம் ஓடைக்கரைப் பக்கம் சும்மா போனான். வன அலுவலகம் அங்கே ஒரு பலகை நட்டிருந்தது. அதன் முன்னால் சடையாண்டி என்ற கரடி சொட்டச் சொட்ட நின்றுகொண்டிருந்தார்.

"தம்பி, இதுல என்ன போட்டிருக்கு?"

"இங்கே குளிக்கக் கூடாதுன்னு போட்டிருக்குண்ணே."

சடையாண்டி தன்னையே ஒருமுறை பார்த்துக்கொண்டார். "எனக்கு இதைச் சொல்லிக் குடுக்கிறியா?"

"குளிக்கவா?"

"படிக்கடா."

விஷயம் இதுதான். வருஷா வருஷம் தேன்மர அனுமதிக்காக அவர் வன அலுவலகத்தில் வரிசையில் நிற்பார். அங்கே எழுத்தராக இருந்த மந்தி, அவர் முறை வந்ததும், "அடுத்து யாரு, நம்ம கைநாட்டா?" என்று சத்தமாகக் கேட்பான். வரிசையே சிரிக்கும். "ஒரே ஒரு தடவை அவன் கண்ணு முன்னாடி என் பேரை எழுதணும். அது போதும் எனக்கு" என்றார் சடையாண்டி.

முள்ளனுக்கு வேறு வேலையும் இல்லை. புங்க மரத்தடியில் வகுப்பு ஆரம்பித்தான். கரடியோடு வெள்ளையம்மா என்ற எருமையும், கேள்வி கேட்டால் பந்தாகச் சுருண்டுகொள்ளும் ஒரு எறும்புதின்னியும் வந்து சேர்ந்தார்கள். அவன் சொல்லிக்கொடுத்த லட்சணத்தைப் பற்றிப் பெருமையாகச் சொல்ல ஒன்றுமில்லை. "நேத்துதானே சொன்னேன்!" என்று கத்துவான். முள் சிலிர்த்துக்கொள்ளும். முன்வரிசை காலியாகும். அப்படியும் நாலே மாதத்தில் மூன்று பேரும் படித்துவிட்டார்கள் என்றால், அது அவர்களுடைய நல்ல மனசு. சடையாண்டிக்குப் பெயர் எழுத வந்ததும் கையை அடக்க முடியவில்லை. பார்த்த மரத்திலெல்லாம் நகத்தால் கீறினார். காட்டின் தெற்குப் பக்கம் முழுக்க அவருக்குச் சொந்தம் என்று வெளியூர் மான்கள் நினைத்துக்கொண்டன.

அப்போதுதான் அறிவிப்பு வந்தது. முதியோருக்குக் கற்பிக்கிறவர் எல்லோரும் பயிற்சி பெற்றுச் சான்றிதழ் வாங்க வேண்டும். சான்றிதழ் இல்லாமல் கற்பிப்பது குற்றம். முள்ளனுக்குக் குற்றம் என்ற சொல் கண்ணிலேயே படவில்லை. சான்றிதழ் என்ற சொல்தான் பட்டது.

ஐந்து நாள் பயிற்சி. நடத்தியது காட்டுக்கோழி மேடம். முதல் நாள், "முதியோரைக் குழந்தைகளைப் போல நடத்தக் கூடாது" என்று சொல்லிவிட்டு, எல்லோரையும் எழுந்து நிற்கவைத்துக் கைதட்டிப் பாடச் சொன்னார். இரண்டாம் நாள், கையைத் தூக்காமல் சந்தேகம் கேட்ட ஒரு கிழட்டு வாத்து மூலையில் நிறுத்தப்பட்டது. கடைசி நாள்தான் விஷயத்துக்கு வந்தார்.

"அதிகாரி வந்து உங்க மாணவர்களுக்கு முன்தேர்வு வைப்பார். எல்லாரும் சைபர் வாங்கணும். அன்னைக்கே உங்களுக்குச் சான்றிதழ்."

முள்ளன் கையைத் தூக்கினான். "சைபர் வாங்கலைன்னா மேடம்?"

"அப்போ அவங்க படிச்சவங்க. படிச்சவங்களுக்கு எதுக்கு வாத்தியார்? படிப்பு மையம் கிடையாது, சான்றிதழும் கிடையாது."

"அப்புறம் பின்தேர்வுன்னு ஒண்ணு இருக்கா?"

"அதுக்குப் படிவம் இன்னும் அச்சாகலை."

"எங்க ஆளுங்க நாலு மாசமா…" என்று ஆரம்பித்தான்.

"யார்கிட்ட? சான்றிதழ் இல்லாத ஆள்கிட்டயா?"

முள்ளன் மிச்சத்தை விழுங்கிவிட்டான்.

மறுநாள் புங்க மரத்தடியில் மூன்று பேரையும் உட்காரவைத்து விஷயத்தைச் சொன்னான். எறும்புதின்னி பிரச்சினையே இல்லை, அப்போதே சுருண்டுவிட்டது. வெள்ளையம்மா, "இவ்வளவுதானா தம்பி? சும்மா நின்னு பார்க்கணும், அதானே? ஆயுசு முழுக்க அதைத்தானே செய்யுறேன்" என்றாள்.

சடையாண்டி மட்டும் மரத்தில் கீறியிருந்த தன் பெயரைத் தடவிப் பார்த்தார். "தெரியும்னு சொல்லத்தானே வாத்தியாரே படிச்சேன்" என்றார்.

முள்ளன் சுருக்கமாகக் கேட்டுவிட்டான். "எனக்கு ஒரு தாள் வேணும்ணே. ஒண்ணே ஒண்ணு."

கரடி அவனை மேலும் கீழும் பார்த்தார். "சரி, போ."

அன்றைய பொழுது முழுக்க நாலு பேரும் சேர்ந்து மரம் மரமாகச் சேறு பூசினார்கள்.

அதிகாரி கொக்கு சார் தேர்வு அட்டைகளோடு வந்து ஒற்றைக்காலில் நின்றார். வெள்ளையம்மாவிடம் 'அ' அட்டையை நீட்டினார். அவள் அதைத் தின்றுவிட்டாள். சைபர். எறும்புதின்னியிடம் கேள்வி கேட்க முகம் எந்தப் பக்கம் என்றே தெரியவில்லை. சைபர். சடையாண்டிக்கு வந்த அட்டையில் 'தேன்' என்று எழுதியிருந்தது.

கரடியின் நாக்கு வெளியே வந்தது. உள்ளே போனது. மறுபடி வந்தது. முள்ளனின் முதுகில் ஒரு முள் பாக்கி இல்லாமல் நட்டுக்கொண்டது.

"தெரியலைங்கய்யா" என்றார் சடையாண்டி.

கொக்கு சார் எழுதப் போனவர், சட்டென்று நிமிர்ந்தார். வெயிலில் காய்ந்த சேறு புங்க மரத்திலிருந்து பொலபொலவென்று உதிர்ந்தது. அடியில் 'சடையாண்டி' பளிச்சென்று தெரிந்தது.

"இதை யார் எழுதினது?"

"முதுகு சொறிஞ்சேங்கய்யா. அப்படி விழுந்திருச்சு."

கொக்கு சார் குறிப்பேட்டில், "எழுத்தறிவு: சைபர். முதுகு அரிப்பு உண்டு" என்று எழுதிக்கொண்டார். அங்கேயே சான்றிதழில் முத்திரை குத்தி முள்ளனிடம் கொடுத்தார். முள்ளன் ஆயுசில் பாஸான ஒரே தேர்வு அதுதான். அதுவும் இன்னொருத்தர் ஃபெயிலானது.

அடுத்த வாரம் தேன்மர அனுமதி. முள்ளனும் கூடப் போனான், கக்கத்தில் சான்றிதழைச் சுருட்டிக்கொண்டு. போகிற வழியில் பார்க்கிறவர்களுக்கெல்லாம் காட்டலாம் அல்லவா?

"அடுத்து யாரு, நம்ம கைநாட்டா?" என்றான் மந்தி.

சடையாண்டி பேனாவை எடுத்து 'ச' போட்டார்.

"நில்லு நில்லு." மந்தி பதிவேட்டைப் புரட்டினான். "உனக்கு எழுத்தறிவு சைபர்னு போன வாரத் தேதி போட்டு வந்திருக்கு. கையெழுத்துச் செல்லாது."

"உன் கண்ணு முன்னாடிதானேப்பா எழுதுறேன்!"

"என் கண்ணை யாரு கேட்டா? இதுல கொக்கு சார் முத்திரை இருக்கு. சான்றிதழ் வாங்கின வாத்தியார் யாராவது, இவருக்கு எழுதத் தெரியும்னு எழுதிக் குடுத்தா பார்க்கலாம்."

முள்ளன் பின்னால்தான் நின்றான். எழுதிக் கொடுத்தால் அந்த சைபர் பொய்யாகும். சைபர் பொய்யானால் கக்கத்தில் இருப்பது போய்விடும். வாயைத் திறந்தான். திறந்தபடியே நின்றான்.

அவன் மூடுவதற்குள் சடையாண்டி மைப்பெட்டியில் கட்டைவிரலை வைத்து, 'ச' மேலேயே அழுத்திவிட்டார். வரிசை சிரித்தது.

வெளியே வந்ததும் கரடி கையை நீட்டினார். "அந்தத் தாளைக் காட்டு."

வாங்கிப் பிரித்து, ஒரு இடத்திலும் தடுக்காமல் சத்தமாகப் படித்தார். "முள்ளன் என்பவர் முதியோருக்குக் கற்பிக்க முழுத் தகுதி பெற்றுள்ளார் எனச் சான்றளிக்கப்படுகிறது." நிமிர்ந்தார். "சரியா படிச்சேனா?"

"சரிதாண்ணே."

"அப்போ இதுல போட்டிருக்கிறது பொய்யில்லை" என்று திருப்பிக் கொடுத்துவிட்டு, தேன்மரத்தைப் பார்த்து நடந்தார்.

முள்ளன் அந்தத் தாளை வீட்டில் மாட்டவில்லை என்று சொன்னால் கதைக்கு அழகாக இருக்கும். மாட்டினான். தங்கச்சியின் சாக்கு ஓட்டத்துக்கு மேலே. அவள் கிட்டே போய்ப் பார்த்துவிட்டு, மூலையில் இருந்த பெரிய கட்டைவிரல் மையைக் காட்டி, "இது என்னண்ணே கறை?" என்று கேட்டாள்.

"அதுதான் அதிகாரி முத்திரை" என்றான் முள்ளன்.

நீதி: ஒரு வாத்தியார் பாஸாக வேண்டுமென்றால் அவருடைய மாணவர்களில் ஒருவராவது நன்றாகப் படித்திருக்க வேண்டும், எப்போது ஃபெயிலாக வேண்டும் என்று தெரிகிற அளவுக்கு.