பதினேழு வோல்ட் பாவம்

என் பைக்கைக் கொல்வது என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் முடிவெடுத்தேன். ஐம்பத்து மூன்று வயதில் எனக்குக் கிடைத்த முதல் துணிச்சல் அது.

காரணம், என் மனைவி போட்டிருந்த சட்டம். “அது ஓடுற வரைக்கும் வீட்ல புது வண்டிப் பேச்சே எடுக்கக் கூடாது.”

அந்தச் சமயத்தில்தான் மெக்கானிக் சொன்னார்: “ரெகுலேட்டர் போச்சு சார். பேட்டரிக்கு அளவுக்கு மேல சார்ஜ் ஏறுது. மாத்தலேன்னா ஒவ்வொண்ணா எல்லாம் எரிஞ்சிடும்.”

“மாத்தாதீங்க” என்றேன். என் குரல் எனக்கே அந்நியமாக இருந்தது. நான் இவ்வளவு கெட்டவனா? யோசித்தேன். ஆமாம் என்றே பட்டது. நிம்மதியாக இருந்தது.

ஹெட்லைட் பல்பு போனது. புதிதாகப் போட்டேன், அதுவும் போனது. பேட்டரி கொதித்து அழுகிய முட்டை நாற்றம் அடித்தது. ஒவ்வொரு இழப்பையும் தொண்டை கரகரக்க வீட்டில் அறிவித்தேன்.

“அப்படியா?” என்பாள், துணி மடித்தபடி.

கடைசி அடி அடிக்க, வோல்ட் மீட்டர் ஒன்று இரவல் வாங்கி அவளை வாசலுக்கு அழைத்தேன்.

“பாரு, பதினேழு வோல்ட் காட்டும். இனி இது பிழைக்காது.”

ஆக்சிலரேட்டரை முறுக்கினேன். மீட்டர் பதினாலு காட்டியது, நல்ல வண்டி காட்டும் அளவு. இன்னும் முறுக்கினேன். பதினாலுதான். மீட்டரைத் தட்டினேன், உதறினேன். எண் அசையவில்லை.

“என்னங்க, பேய் அறைஞ்ச மாதிரி நிக்கிறீங்க? வண்டி நல்லாயிருந்தா சந்தோஷம்தானே?”

“எப்படி... இது...”

“நேத்து நீங்க குளிக்கும்போது நான்தான் புது ரெகுலேட்டர் மாட்டினேன். ரெண்டு போல்ட்டு, ஒரு பிளக்கு. பேட்டரிக்குத் தண்ணியும் ஊத்திட்டேன்.”

“ரெகுலேட்டர்னு உனக்கு யாரு சொன்னது?”

“நீங்கதான். தூக்கத்துல. ‘ரெகுலேட்டரை மாத்திடாதீங்க, அவ புது வண்டி வாங்க விடமாட்டா’ன்னு ஒரு வாரமா கெஞ்சுறீங்க. கேட்க எனக்கே பாவமா இருந்துச்சு.”

முப்பது வருடமாக நான் இன்னும் என்னென்ன உளறியிருப்பேன்?

“அதான் மனசு கேட்காம, புது வண்டி ஒண்ணு புக் பண்ணிட்டேன்.”

“நிஜமாவா!” கண் கலங்கிவிட்டது எனக்கு. “என்ன கலரு?”

“எனக்குப் பிடிச்ச கலர்தான். உங்களுக்குத்தான் ஓடுற வண்டி இருக்கே.”