நாலு வடிவத்தில் ஓர் எறும்புச் சாரை

ஒரு காட்டில், சொன்னால் நம்பமாட்டீர்கள், எறும்புச் சாரை போகவும் அனுமதி வாங்க வேண்டும். சிங்கராஜா போட்ட சட்டம். போகிற கோட்டின் சமன்பாட்டை நாலு வடிவத்தில் எழுதி, நாலு கட்டத்தையும் நிரப்பிக் கொடுத்தால்தான் முத்திரை விழும்.

அங்கே பொன்னாயி என்றொரு எறும்பு. புற்றில் முந்நூறு குஞ்சுகள். காட்டு அலுவலகத்துக்கு அந்தப் பக்கம் ஒரு பலாச்சுளை விழுந்து கிடந்தது. மழைக்கு இன்னும் மூன்றே நாள். அதற்குள் சுளையைப் புற்றில் சேர்க்காவிட்டால் அத்தனை குஞ்சும் பட்டினிதான். பொன்னாயி அனுமதி கேட்டு அலுவலகத்துக்கு ஓடினாள்.

அலுவலக வாசற்படிதான் அந்தக் காட்டுக்கே ஆதிப்புள்ளி. பொன்னாயியின் கோடு நேரே அதன்மேல்தான் போனது. உள்ளே எழுத்தராக இருந்தவர் உடும்பார், பிடித்தால் விடாத வம்சம். அவள் சாய்வு-வெட்டுத்துண்டு வடிவத்தில் y = 2x என்று எழுதினாள். வெட்டுத்துண்டு எங்கே என்றார். பூச்சியம் ஐயா என்றாள். அதையும் எழுது என்றார். y = 2x + 0 ஆயிற்று. பிறகு இரு புள்ளி வடிவம். பிறகு பொது வடிவம், 2x − y = 0. எல்லாம் ஒரே கோடுதானே என்று கேட்டதற்கு, கோடு ஒன்றுதான், கட்டம் நாலு இருக்கிறதே என்று பதில் வந்தது.

நாலாவது கட்டம் வெட்டுத்துண்டு வடிவம். கோடு அச்சுகளை எவ்வளவு தூரத்தில் வெட்டுகிறதோ, அந்தத் தூரங்களால் x-ஐயும் y-ஐயும் வகுக்க வேண்டும். இவள் கோடோ ஆதிப்புள்ளி வழியாகப் போகிறது; இரண்டு தூரமும் பூச்சியம். பூச்சியத்தால் வகுக்கப் பிரம்மாவாலும் ஆகாது.

“இந்தக் கோட்டுக்கு அந்த வடிவமே கிடையாதுங்க ஐயா.”

“வடிவம் இல்லையென்றால் கோடே இல்லை அம்மா. காலிக் கட்டத்தோடு நான் மேலே அனுப்ப முடியாது.”

மூன்றாம் நாள் மேகம் கறுத்தது. பொன்னாயிக்கு அழுகையே வந்துவிட்டது. பாவம், உடும்பாருக்கும் மனசு இளகியது, பொய் சொல்லக் கூடாது. ஒரு முழம் தள்ளி எழுதிக்கொடு, வழி பிறக்கும் என்றார். அவள் y = 2x + 1 என்று தள்ளினாள். நாலு கட்டமும் மளமளவென்று நிரம்பின, முத்திரையும் விழுந்தது.

வெளியே வந்து பார்த்தால், அந்தக் கோடு பழைய கோட்டுக்கு இணை. அது புற்றில் தொடங்கவும் இல்லை, சுளையைத் தொடவும் இல்லை. உலகம் முடியும்வரை நடந்தாலும் தொடாது.

பொன்னாயி பெருமூச்சு விட்டாள். சீட்டைப் புற்று வாசலில் மாட்டினாள். சாரையைப் பழைய வழியிலேயே விட்டாள்.

சோதனைக்குக் காகத்தார் பறந்து வந்தார். சீட்டை நாலு தடவை படித்தார். காலடியில் சாரை போவதைப் பார்த்து, இடைஞ்சல் வேண்டாமென்று ஒதுங்கி நின்றுகொண்டு, காட்டிலேயே ஒழுங்கான கோடு இதுதான் என்று அறிக்கை எழுதினார்.

நீதி: தாளில் தள்ளிப் போ, தரையில் நேரே போ.