தாப்பா கேட்ட ஒரே கேள்வி

ராயபுரத்தில் எதற்கும் தடை கிடையாது. ரயில் புகை படுக்கைக்குள் வரும்; உப்புக்காற்று டிரங்குப் பெட்டிக்குள் வரும்; கருவாட்டு வாசனை கல்யாணப் பந்திக்கே வந்து உட்காரும். எங்கள் பேட்டையில் தடுக்கப்பட்ட ஒரே பொருள் கால்பந்து. தடுத்தவர் தாப்பா. அவரைத் தாண்டி ஒரு பந்து போனதில்லை என்று சத்தியம் செய்ய நான் தயார். போனதே என்று யாராவது சொன்னால், அன்றைக்கு என் கண்ணில் மணல் விழுந்திருக்கும்.

தாழ்ப்பாளுக்குத்தான் எங்கள் பக்கம் தாப்பா என்று பெயர். ரைட் பேக். வெறுங்கால். ஒவ்வொரு பாதமும் ஒரு துடுப்பு. பூட்ஸ் போட்ட சோல்ஜர் ஒருவன் அந்தக் காலை ஓங்கி மிதித்துவிட்டு, ஓரமாகப் போய் உட்கார்ந்து தன் பூட்ஸைக் கழற்றிப் பார்த்ததை நான் நேரில் கண்டேன்.

பந்தாடுவதற்கென்று இங்கே யாரும் சம்பளம் தருவதில்லை. பட்டறையில் வேலை தருவார்கள், மைதானத்தில் வாங்கிக்கொள்வார்கள். எங்கள் இரும்புப் பட்டறையில் தாப்பா பெயருக்கு பிட்டர். புதிதாக வந்த துரை ஒருநாள் அவரிடம் ஸ்பானர் கேட்டார். தாப்பா சுத்தியலை எடுத்துக் கொடுத்தார். துரை இல்லையென்று தலையாட்டினார். உளியைக் கொடுத்தார். துரை முகம் சிவந்தார். பாவம், பசி போலிருக்கிறது என்று தாப்பா தன் சோற்றுத் தூக்கையே நீட்டிவிட்டார்.

நான் அந்தப் பட்டறையின் டைம் ஆபீஸ் குமாஸ்தா, மெட்ரிகுலேஷன் தேறியவன், ஆகவே டீமுக்கு செக்ரட்டரி. பன்னிரண்டாவது ஆட்டக்காரனும் நானே. மற்ற பதினொரு பேரும் காய்ச்சலே காணாத கல்நெஞ்சர்கள் என்பதால், என் பச்சை ஜெர்ஸி மடிப்புக் கலையாமல் அப்படியே இருந்தது.

தாப்பாவின் ஜெர்ஸியோ ஒருநாள் காணாமல் போனது. தேடிக்கொண்டு காசிமேட்டு மணலுக்குப் போனேன். அவர் தம்பி ஏழுமலையின் கட்டுமரத்துப் பாயில், நட்டநடுவே, எங்கள் ஜெர்ஸி ஒட்டுப் போட்டுத் தைத்திருந்தது.

"இன்னா அநியாயம் தாப்பா இது? டீம் சொத்து!"

"கோச்சிக்காத ரைட்டரே. கடல்ல அம்மாம் பாயும் ஒரே கலருல கீது. தம்பி மரம் எதுன்னு தெரிய வாணாமா?"

"தெரிஞ்சு?"

"ரெண்டு பேர் போற மரம் அது. நான் பந்தாட வந்துட்டேன். அவன் ஒண்டியா போய்க்கினு கீறான்" என்று சொல்லிவிட்டு, வலையில் இல்லாத கிழிசலைத் தேட ஆரம்பித்தார். செக்ரட்டரியான எனக்கோ ஜெர்ஸி போன கவலைதான் பெரிதாக இருந்தது.

எங்கள் மைதானம் கடலை ஒட்டியது. டாஸ் ஜெயித்தால் எங்கள் கேப்டன் கண்ணை மூடிக்கொண்டு மேற்குக் கோலைக் கேட்பார். அங்கே நின்றால் தாப்பாவுக்குக் கடல் நேர் எதிரே, மலைபோல் ஆடுவார். பாதி ஆட்டம் முடிந்து பக்கம் மாறினால் கடல் அவர் முதுகுக்குப் போய்விடும். மரங்கள் கரை திரும்பும் நேரமும் அதுதான். அப்போதுதான் அந்தக் கேள்வி பிறக்கும். எதிரி பார்வர்ட் பந்தோடு பறந்து வருவான். தாப்பா கையை நீட்டி அன்பாகக் கேட்பார்:

"நைனா, பச்சை ஒட்டுப் போட்ட பாயி தெரியுதா பாரு?"

அவன் ஒரு நொடி தலையைத் தூக்குவான். பந்து போயே போய்விடும்.

பட்டணமே இதைப் பேசியது. இப்படி ஒரு தந்திரம் சீமையிலும் இல்லை என்று நான் நண்பர்களிடம் அளந்தேன். தாப்பாவிடமே பாராட்டினேன், சிரித்துக்கொண்டார்.

அந்த வருஷம் கோப்பையின் கடைசி ஆட்டம் வந்தது. ஸ்பானர் விவகாரத்தை மறக்காத துரை, என் வாயாலேயே தாப்பாவுக்குச் சொல்லி அனுப்பினார்: கோப்பை வந்தால் வேலை நிரந்தரம்; வராவிட்டால் திங்கட்கிழமை முதல் பட்டறைக்கு வர வேண்டாம். எதிரணி திருவொற்றியூர்ப் பக்கத்துக் கம்பெனி. அவர்களுடைய சென்டர் பார்வர்ட் எண்ணூர் மாரி, மீனவர் வீட்டுப் பிள்ளை, காற்றோடு பந்தயம் ஓடுகிறவன். அன்று அவன் இரண்டு காதிலும் பஞ்சு.

"இன்னா மாமே, காது வலியா?" என்றார் தாப்பா.

"கேக்கல மாமு!" என்றான் மாரி, பல்லைக் காட்டிக்கொண்டு.

ஆட்டம் ஒரு கோலும் இல்லாமல் நகர்ந்தது. காற்று ஏறியது. அலை உடைகிற சத்தம் விசிலையே விழுங்கியது. பக்கம் மாறிய பிறகு தாப்பா நாலு தபா கேட்டார். மாரிக்குக் காது இல்லை. கடைசி ஐந்து நிமிஷம். மாரி இரண்டு பேரை வெட்டிவிட்டு வந்தான். அவனுக்கும் எங்கள் கோல்கீப்பருக்கும் நடுவே தாப்பா ஒருவர்தான். அவர் கேட்கவில்லை, கையால் கடலைக் காட்டினார், கும்பிடுவது மாதிரி.

மாரி பார்த்துவிட்டான். பார்த்தவன் அப்படியே நின்றான். காதிலிருந்து பஞ்சைப் பிடுங்கி எறிந்தான்.

"மாமு! பாயி படுத்துக்கிச்சி! மரம் கவுந்துடுச்சி மாமு!"

பழிக்குப் பழி, பொய் சொல்லுகிறான் என்றுதான் நாங்கள் எல்லோரும் கத்தினோம். தாப்பா ஒரு கணம்கூட யோசிக்கவில்லை. திரும்பினார், ஓடினார். கோல் கம்பத்தைத் தாண்டி, மணலைத் தாண்டி, அலைக்குள். திறந்து கிடந்த கோலையும் காலடியில் கிடந்த பந்தையும் விட்டுவிட்டு, மாரியும் அவர் பின்னால் பாய்ந்தான்.

பந்து தனியாகக் கிடந்தது. எங்கள் கோல்கீப்பரே கடலைப் பார்த்துக்கொண்டு நின்றார். அவர்களுடைய லெப்ட் அவுட் ஒருவன் நடந்து வந்து, தெருவில் கல்லைத் தள்ளுவதுபோல அதை உள்ளே தள்ளினான். விசில் ஒலித்தது. கோப்பை போனது.

இருவருமாக ஏழுமலையை இழுத்து வந்து மணலில் போட்டார்கள். கட்டை மோதித் தோள் வீங்கியிருந்தது. ஒரு குடம் கடலைக் கக்கிவிட்டு, கண்ணைத் திறந்து அவன் கேட்ட முதல் வார்த்தை:

"ஆட்டம் இன்னா ஆச்சிண்ணே? மாரி கோல் போட்டுட்டானா?"

"அவன் இங்கதாண்டா உன் காலப் புட்ச்சிக்கினு கீறான், பேமானி" என்றார் தாப்பா. சொல்லிவிட்டு, அத்தனை பேர் முன்னாலும் அழுதார். எவ்வளவு படித்து என்ன, அது தந்திரமே இல்லை என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது. மனிதர் ஒவ்வொரு தடவையும் நிஜமாகவே கேட்டிருக்கிறார்.

திங்கட்கிழமை துரை சொன்ன சொல் தவறவில்லை. தாப்பாவுக்காக இரண்டு பக்கம் இங்கிலீஷில் மனு எழுதினேன். துரை அதிலிருந்த நாலு பிழைகளைத் திருத்திக் கொடுத்தார், வேலையைக் கொடுக்கவில்லை. புதன்கிழமை மாரி தன் கேப்டனைக் கையோடு தாப்பா வீட்டுக்குக் கூட்டி வந்தான்.

"எங்க கம்பேனிக்கு வந்துடு மாமு."

"வரேன். ஆனா தம்பி மரத்துக்கு இன்னொரு ஆளு வோணும். அவன் இனிமே ஒண்டியா போவக்கூடாது."

மாரியின் சித்தப்பா மகன் எண்ணூரிலிருந்து வந்து அந்த மரத்தில் ஏறினான். தாப்பா திருவொற்றியூருக்குப் போனார். அங்கேயும் அவர் பிட்டர்தான். அந்தப் பட்டறையைத் தெய்வம் காப்பாற்றட்டும்.

மறு வருஷம் அதே மைதானத்தில் எங்களுக்கு எதிராகவே நின்றார். பக்கம் மாறியது, கடல் முதுகுக்குப் போனது. எங்கள் சென்டர் பார்வர்ட் பந்தோடு பாய்ந்தான்.

"நைனா, பச்சை ஒட்டு..."

கேட்டு முடிக்கவில்லை. எங்கள் பார்வர்ட்கள் ஐந்து பேரும் நின்று, கண்ணுக்குக் கை வைத்துக் கடலைப் பார்த்தார்கள். கோட்டுக்கு வெளியே நானும் பார்த்தேன். "தெரியுது மாமு! சோக்கா வந்துகினு கீது!" என்று எல்லோருமாகக் கத்தினோம். ஒரு கோலில் தோற்றோம்.

இப்போது அந்தப் பாயில் இரண்டு பச்சை ஒட்டு; ஒன்று கொஞ்சம் வெளுத்தது, இன்னொன்று பளிச்சென்று புதிது. ஒரு ஜெர்ஸி குறைகிறதே என்று கேப்டன் என்னைக் குடைகிறார். மைதானத்துக்குள் ஒரு நாளும் இறங்காத ஜெர்ஸி அது. போகட்டும், தினம் தினம் கடலுக்காவது போய்வரட்டுமே.