சம்பந்தியம்மாளைக் கருந்துளை என்று புகழ்ந்த விவகாரம்

மீஞ்சூரில் முழங்கால் வலியோடு இருக்கும் மரியாதைக்குரிய அலெக்ஸாண்டர் அண்ணன் அவர்களுக்கு, ராயபுரத்திலிருந்து இன்னாசி தோத்திரம் சொல்லி எழுதுவது. இங்கே நானும் ஜானட்டும் மகள் ஜெனியும் மாதா புண்ணியத்தில் சுகம். தங்கள் முழங்காலின் சுகத்தை அறிய ஆவல். இதைப் போனிலேயே பேசியிருக்கலாம். ஆனால் நான் வாயைத் திறந்ததால் வந்த வினை இது என்பதால், இனி எதுவானாலும் எழுத்தில்தான் என்று ஜானட் உத்தரவு போட்டிருக்கிறாள்.

ஞாயிறு பூசை முடிந்ததும் தங்கள் தங்கை வியாகுலம்மாள், மகன் பிராங்கிளினையும் கூட்டிக்கொண்டு, அவருக்கு எங்கள் ஜெனியைப் பேசி முடிக்க வந்திருந்தார். பிள்ளைகள் இருவரும் ஏற்கெனவே விரும்புகிறவர்கள். பெரியவர்கள் தட்டு மாற்றிக்கொண்டால் கோவிலில் கல்யாண ஓலை வாசித்து ஊரறிய அறிவிக்கச் சொல்லிவிடலாம், அவ்வளவுதான் பாக்கி. தட்டு மாற்றும் முன் பெண்ணின் தகப்பன் எழுந்து மாப்பிள்ளை வீட்டாரைப் பற்றி நாலு நல்ல வார்த்தை சொல்வது நம் வீடுகளில் வழக்கம் இல்லையா? நானும் எழுந்தேன். ஜெனி வானத்து ஆராய்ச்சி செய்வது தங்களுக்குத் தெரியும். நட்சத்திரக் கூட்டத்தின் நடுவில் பெரிய கருந்துளை ஒன்று இருக்கிறதாம், சூரியனைப் போலப் பல லட்சம் மடங்கு எடையாம், சுற்றுவட்டாரத்து நட்சத்திரமெல்லாம் அதைத்தான் சுற்றுகிறதாம். சாப்பிட உட்கார்ந்தால் இதே பேச்சு. கேட்டுக் கேட்டு எனக்கு அதன்மேல் பெரிய மரியாதையே வந்துவிட்டது. புருஷன் போன பிறகு காசிமேட்டில் மீன் ஏலம் விட்டுப் பிள்ளைகளை ஆளாக்கிய அம்மாளுக்கு இதைவிடப் பெரிய புகழ்ச்சி ஏது என்று நினைத்து, "சம்மந்திம்மா, உங்க குடும்பத்துக்கு நீங்கதான் கருந்துளை. எல்லாரும் உங்களத்தான் சுத்திக்கினு கீறாங்க" என்று சொல்லிவிட்டேன்.

தங்கை கோபப்படவில்லை. ஜெனி பக்கம் திரும்பி, "அதாண்ட போனா இன்னாம்மா ஆவும்?" என்று நிதானமாகக் கேட்டார். வேறு பெண்ணாக இருந்தால் சமாளித்திருக்கும். எங்களுடையதற்கு உண்மை பேசும் வியாதி. "ரொம்ப கிட்ட போனா நட்சத்திரம் பிச்சிக்கும் அத்தை. இந்தாண்ட பக்கத்த ஜாஸ்தியா இழுக்கும், அந்தாண்ட பக்கத்த கம்மியா இழுக்கும். அப்டியே நீண்டு கிழிஞ்சிடும். பாதி உள்ள போயிடும், பாதி தெறிச்சி ஓடிடும்" என்றாள். நான் சும்மா இருந்திருக்கலாம். இருந்தேனா? "எல்லாமே பிய்யாது சம்மந்திம்மா. நியூட்ரான் நட்சத்திரம்னு ஒண்ணு கீது. ராயபுரத்துலேர்ந்து மீஞ்சூர் வரைக்கும்தான் அதோட சைஸு, ஆனா சூரியனவிட வெயிட்டு. அது கெட்டி. நம்ம ஜெனி அந்த மாரி" என்று குறுக்கே விழுந்தேன். "அப்பால அது இன்னா ஆவும்?" என்றார் தங்கை. ஜெனிக்கு மறுபடி உண்மை வந்துவிட்டது. "சுத்தி சுத்தி கிட்ட வந்து, கடைசில முழுசா உள்ள போயிடும் அத்தை. போற வரைக்கும் எல்லாத்தையும் ஆட்டும்."

தங்கை கொண்டுவந்த தட்டைத் தூக்கிக்கொண்டு எழுந்துவிட்டார். கேசரியைத் தொடக்கூட இல்லை. "யம்மா, அது நெசமாவே நல்ல விஷயம்மா" என்று சொல்லிக்கொண்டே பிராங்கிளின் அவர் பின்னால் ஓடினார், பாவம். அன்றிலிருந்து ஜெனி சரியாகச் சாப்பிடுவதில்லை, சாப்பாட்டில் நட்சத்திரப் பேச்சும் இல்லை. வீடு ரொம்ப அமைதியாக இருக்கிறது. எனக்கு அது தாங்கவில்லை அண்ணே.

ஆகவே தாங்கள்தான் தங்கையிடம் ஒரு வார்த்தை பேச வேண்டும். மூத்த மகன் பெண்டாட்டியோடு விம்கோ நகருக்குத் தனியாகப் போனதிலிருந்து தனிக்குடித்தனம் என்ற பேச்சே அவருக்கு ஆகாது என்று எனக்குத் தெரியும். ஜெனி அவர் கூடவே, அவர் வீட்டிலேயே, அவர் காட்டிய அறையிலேயே இருப்பாள் என்று மாதா மீது சத்தியம் செய்கிறேன். ஜெனியை இன்னும் கேட்கவில்லை. கேட்டால் உண்மையைச் சொல்லிவிடுவாள்.

அண்ணிக்கும் வீட்டில் எல்லோருக்கும் எங்கள் அன்பு. முழங்காலுக்கு வேளாங்கண்ணி எண்ணெய் தடவிப் பார்க்கவும். தாங்கள் சொல்லப்போகும் அந்த ஒரு வார்த்தையை நம்பியிருக்கும்,
இன்னாசி

பின்குறிப்பு: கவரை ஒட்டப் போகையில் தங்கையே வாசலில் வந்து நின்றார், தனியாக, ஒரு முழு வஞ்சிரத்தோடு. என்னைத் திரும்பியும் பார்க்கவில்லை. ஜெனியைப் பக்கத்தில் உட்காரவைத்து, "பெரிய மருமவ பிச்சிக்கினு போனப்போ அவ மேலதான் தப்புன்னு இத்தினி நாளா ஊரெல்லாம் சொல்லிக்கினு இருந்தேன். ரொம்ப கிட்ட வெச்சிக்கினது நாந்தான். நீ பிச்சிக்கவும் வேணாம், முழுசா உள்ள போவவும் வேணாம். எம்மாந் தூரத்துல இருந்தா நிம்மதியா சுத்திக்கினே இருக்கலாம், அத்த மட்டும் சொல்லு" என்றார். ஜெனி நிஜமாகவே யோசித்துவிட்டு, "ரெண்டு தெரு போதும் அத்தை" என்றாள். சாயந்திரமே தங்கை தன் வீட்டிலிருந்து ரெண்டு தெரு தள்ளிப் பிள்ளைகளுக்கு வீடு பார்த்துவிட்டார். வரும் ஞாயிறு ஓலை. ஆகவே அண்ணன் அவர்கள் யாரிடமும் எதுவும் பேச வேண்டாம். ஜெனி அவர் வீட்டிலேயே இருப்பாள் என்று நான் செய்த சத்தியத்தை முக்கியமாகச் சொல்லிவிட வேண்டாம். அந்த வீட்டுச் சாவியை ஜெனி கையில் கொடுத்துவிட்டு எங்கள் சமையற்கட்டில் போய் நின்று அழுதவர், அதைக் கேட்டால் சாவியைத் திருப்பி வாங்கிக்கொள்வார்.